வைகைக்கு ஒரு படம்!

வைகை அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர்?

மதுரைப் பக்கம் பத்திரிகையைப் பிரித்ததும் பலருடைய கண் தேடுவது இதைத்தான். மேலூர் விவசாயிக்கு அது நடவுக் கவலை. மதுரை நகரத்துத் தாய்மார்களுக்கு அது குழாய்த் தண்ணீர்.

1959-ல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர்மட்டம், நிரம்பினால் 71 அடி. ஒரு நாள் எண் ஒரு நாள் கதையைத்தான் சொல்லும். பத்து வருஷத்து எண்களையும் சேர்த்தால்? 3,650-க்கும் மேலே! தலை சுற்றும். அதையே ஒரு கோடாக வரைந்துவிட்டால், எந்த மாதம் மழை கைகொடுத்தது, எந்த வருஷம் கைவிரித்தது என்பது எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கிவிடும்.

வரைவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கான மென்பொருளைக் கம்பெனிகளிடம் விலைக்கு வாங்கலாம். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பணம் ஏது? காசு கொடுக்காமல் நகல் எடுப்பதோ திருட்டு.

நல்ல வேளை, மூன்றாவது வழி ஒன்று உண்டு.

ஜான் ஹன்டர் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின் அலைகளை ஆராய்ந்தவர். அந்த அலைகளைப் படமாகப் பார்க்க விரும்பினார். அதற்காகத் தாமே ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் 'மேட்பிளாட்லிப்'. 2003-ல் அதை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்! விலை இல்லை. உள்ளே கணக்கு எப்படி நடக்கிறது என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. சோறும் போட்டு, சமையல் பக்குவமும் சொன்ன மாதிரி! யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

2012-ல், 44 வயதில், அவர் இறந்துபோனார். மென்பொருளை மற்றவர்கள் வளர்த்து வருகிறார்கள். 2019-ல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட விஞ்ஞானிகளின் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

அதே மென்பொருள் தமிழ்நாட்டு 12-ம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? இப்படிப்பட்ட இலவச மென்பொருள்களைப் பழக, பம்பாய் ஐ.ஐ.டி.யின் திட்டம் ஒன்று தமிழில் பேசும் பாடங்களையும் இலவசமாகத் தருகிறது.

ஆனால் 1, 2, 3, 4 என்று வெறும் எண்களை வைத்துக் கோடு போட்டால் மார்க்கு வரும், ஆசை வருமா? திருமங்கலம், உசிலம்பட்டிப் பள்ளிகளில் வைகையின் எண்களையே கொடுக்கட்டும். அணையின் பழைய கணக்கை நீர்வளத் துறை பள்ளிகளுக்குத் தரட்டும். பிள்ளைகள் வரைந்த படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாம். வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பீர்கள் என்று கேட்கப் போகும் விவசாயி, ஒரு பிரதியை மடித்துக் கையில் கொண்டு போகலாம்.