தலைகீழாக்கிப் பெருக்கினாற் போதுமா?

கலப்பெண் ஒன்றை இன்னொரு கலப்பெண்ணால் வகுப்பது எவ்வாறு என நம்மில் எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: முறைமையில்லாப் பின்னமாக்கு; வகுக்கும் எண்ணைத் தலைகீழாக்கு; பெருக்கு. விதி பிழையன்று. ஆயின், விடை எவ்வளவில் அமையும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கப் பழக்காத கல்வி கல்வியன்று, மந்திர உச்சாடனமே.

22¾ யார் துணி இருக்கிறது. சட்டை ஒன்றுக்கு 2⅞ யார் வேண்டும். எத்தனை சட்டை தைக்கலாம்? தலைகீழாக்க மறந்து பெருக்கிய மாணவன் 65 13/32 என எழுதுவான்; முதலெண்ணைத் தலைகீழாக்கியவன் 23/182 என எழுதுவான். இருவரும் விடையின் கீழே கோடிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வர். 23 யாருக்கும் குறைந்த துணியில் 65 சட்டை எவ்வாறு வரும் என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை; எழவேண்டுமென்று விதியும் கேட்பதில்லை.

இதற்கு மருந்து எளிது. 2⅞ ஐ 3 எனக் கொள்க. 22¾ ஐ அதற்கு மிக அண்மித்த 23 ஆக மட்டந்தட்டினால் 3 ஆல் மீதியின்றி வகுபடாது. 24 எனக் கொண்டாலோ, 8 என்று மனம் உடனே சொல்லும். இவ்வாறு ஒன்றால் மற்றொன்று மீதியின்றி வகுபடும் இணக்கமான எண்களைத் தேர்வதற்கு விதி போதாது, சிந்தனை வேண்டும். சரியான விடை 7 21/23.

கணிதத்திற் குத்துமதிப்புக்கு இடமில்லை என்பாரும் உளர். வட்டத்தின் பரிதி விட்டத்தின் 3 10/71 மடங்குக்கும் 3 1/7 மடங்குக்கும் இடைப்பட்டது என நிறுவிய ஆக்கிமிடீசு நுட்பம் அறியாதவரோ? நுட்பம் எங்கே தேவை என்பதைக் காட்டுவதும் மதிப்பீடே. வகுபடும் எண்ணைக் கூட்டினால் விடை கூடும். வகுக்கும் எண்ணைக் கூட்டினால் குறையும். இங்கே நாம் இரண்டையும் கூட்டினோம். ஆதலால் 8 ஐச் சரிபார்த்தல் வேண்டும். எட்டுச் சட்டைக்கு 23 யார் வேண்டும். கால் யார் குறைகிறது. ஏழே தைக்கலாம்.

கணிகருவி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். கணிகருவி அழுத்தியதைக் கணிக்கும்; நினைத்ததைக் கணிக்காது.

320 இல் ஒரு பங்கிற்கு முந்திரி எனப் பெயரிட்ட இனம் நாம் என்று விழா மேடைகளிற் பெருமை பேசுகிறோம். அப்பெயர்கள் மேடைக்காகப் பிறந்தவையல்ல. நெல்லையும் நிலத்தையும் அளந்து பகிர்வதற்காகப் பிறந்தவை. அவற்றைப் போற்றும் நாமே, "கணக்கு எமக்கு வராது" என்று கலைப்பீடத்து வாங்குகளிலிருந்து சிரிப்பது என்ன பண்பாடு? நம்மிற் பலர் நாளைய ஆசிரியர்கள். விளங்காத விதியைப் பிள்ளையின் தலையில் ஏற்றி, தவறியதும் "உனக்குக் கணிதம் ஓடாது" என முத்திரை குத்தப் போவோரும் நாமே.

ஆகவே, வகுத்தற் கணக்கு ஒவ்வொன்றின் முதல்வரியும் மதிப்பீடாக அமையட்டும். அவ்வரிக்கும் புள்ளி வழங்கப்படட்டும். தான் எழுதிய விடையை நம்பலாமா எனத் தானே தீர்மானிக்கும் உரிமை மாணவனுக்கு வேண்டும். அவ்வுரிமையை மறுத்துவிட்டுச் சுயசிந்தனை பற்றி மேடையிற் பேசுவது வீண்.