வயசுக்கு ஏத்த டிரெஸ்: இது யார் போட்ட கணக்கு?

புதூர்நாட்டுல இருந்து திருப்பத்தூர் இறங்குற பஸ்ல ஒரு நாள் காலையில ஏறிப் பாருங்க. மூணு தலைமுறையும் ஒரே வண்டியில உட்கார்ந்திருக்கும். வேட்டியும் தோள்ல துண்டுமா தாத்தாக்கள். பேண்ட் சட்டையில அப்பாக்கள். முட்டி கிழிஞ்ச ஜீன்ஸ்ல (கிழிஞ்சதுக்கும் சேர்த்துதான் காசு!) காலேஜ் பசங்க. ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு வயசுல டிரெஸ்ஸ முடிவு பண்ணிட்டு அதோட நின்னுட்ட மாதிரி இருக்கும்.

வயசு ஏற ஏற டிரெஸ்ஸ மாத்தணுமா, வேண்டாமா? மாத்தணும். ஆனா ஊர் சொல்ற காரணத்துக்காக இல்ல. இதுதான் மேட்டர்.

காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். ஒரு மெஷின் வாங்கினா வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கிறோம். அதோட காலம் முடிஞ்சா கணக்குல இருந்து எடுத்துடுறோம். ஆனா பீரோவுல மட்டும் யாரும் அதைச் செய்றதில்ல. இடுப்புல ஏறாத பேண்ட்டும், "இளைச்சதும் போட்டுக்கலாம்"னு வச்ச சட்டையும் இன்னும் சொத்துக் கணக்குலதான் இருக்கு :-)

வயசான பிறகு டிரெஸ்ஸ மாத்தினவர்னா நம்ம ஊர்ல முதல்ல சொல்ல வேண்டியது காந்தியைத்தான். லண்டன்ல சட்டம் படிச்சப்போ கோட்டு, சூட்டுன்னு இருந்தவர். இந்தியா திரும்பின பிறகு கத்தியவாடி உடையும் தலைப்பாகையும். அப்புறம் 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. அந்த வீட்டுல தங்கியிருந்தப்பதான் இனிமே இடுப்புல ஒரு முழத்துண்டு போதும்னு முடிவு பண்ணார். கதர் வாங்கக் காசில்லன்னு ஏழைங்க சொன்னதுதான் காரணம். அப்போ அவருக்கு வயசு 51. அக்டோபர் 31 வரைக்குமாவது இப்படி இருந்து பார்க்கலாம்னுதான் ஆரம்பிச்சார். கடைசி வரைக்கும் அதுவே நின்னுடுச்சு. 1931-ல லண்டன்ல அஞ்சாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்கப் போனதும் அதே கோலத்துலதான்.

நாமெல்லாம் காந்தி ஆகணும்னு யாரும் சொல்லல. ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம். ஒண்ணு, 51 வயசுலயும் ஒருத்தர் மொத்தமா மாறலாம். ரெண்டு, மாத்தினதுக்கான காரணம் அவரோடது. வேற யாரும் அவர் மேல திணிக்கல.

சினிமா பக்கம் வந்தா அஜித். 2011-ல "மங்காத்தா". அவரோட 50-வது படம், அப்போ வயசு 40. ஹீரோன்னா கருகரு முடின்னு இருந்த ஊர்ல நரைச்ச தலையோட வந்து நின்னார். தியேட்டர்ல விசில் பறந்துச்சு. அதுவரைக்கும் டை டப்பாவைத் தேடின பல பேர் "சால்ட் அண்ட் பெப்பர்"னு பெருமையா சொல்லிக்க ஆரம்பிச்சாங்க. நரை மாறல, அதுக்கு வச்ச பேர்தான் மாறுச்சு!

இப்ப ஒரு கேள்வி. அதே நரையோட 40 வயசு ஹீரோயின் வந்திருந்தா விசில் அடிச்சிருப்போமா? அம்மா ரோல் கொடுத்து ஓரமா உட்கார வச்சிருப்போம். அதுவும் நிஜமா 40 வயசுன்னா அக்கா ரோல் கூட கிடைச்சிருக்காது.

பிரச்சனை இங்கதான் இருக்கு. "வயசுக்கு ஏத்த மாதிரி உடுத்து"ங்கிற அறிவுரை முக்கால்வாசி பொம்பளைங்களுக்குத்தான் போகுது. அப்பா ஐம்பதுல டீ-ஷர்ட் போட்டா "யூத் மாதிரி இருக்கீங்க". அம்மா நாற்பத்தஞ்சுல சுடிதார் போட்டா "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" அதைக் கேட்குறது பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும் இல்ல. பெத்த பிள்ளையே கேட்குது. காலேஜ்ல பெண்ணுரிமை பத்தி கைதட்டு வாங்கிட்டு வந்த அதே பிள்ளை.

2014-ல வேட்டி கட்டி வந்தார்னு ஐகோர்ட் நீதிபதி ஒருத்தரையே சென்னை கிரிக்கெட் கிளப்ல உள்ள விடல. ஊரே கொதிச்சுது. அதே வருஷம் சட்டசபையில தனிச் சட்டமே வந்துச்சு. வேட்டிக்காகத் தடுத்தா கிளப்போட லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. நல்லது, வரவேற்போம். 2019-ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவுலயும் புடவையோட சேர்த்து துப்பட்டா போட்ட சுடிதாருக்கும் இடம் கொடுத்தாச்சு. கிளப் வாசலுக்குச் சட்டம் வந்துடுச்சு, ஆபீஸ் வாசலுக்கு உத்தரவு வந்துடுச்சு. வீட்டு வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பார்க்குற அந்தப் பார்வைக்கு என்ன சட்டம் போடுறது?

இதுக்கான பதில் ரொம்ப நாளா கண் முன்னாலயே இருக்கு. களை எடுக்கவும் மண் சுமக்கவும் போற பொம்பளைங்களைப் பாருங்க. புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. வெயில் படாது, கை கீறாது, முந்தானை நழுவாது. பொம்பளைங்க ஆம்பளைங்க மாதிரி உடுத்தினா என்னன்னு பெரியார் கேட்டப்போ பல பேருக்கு அது ஷாக்கா இருந்துச்சு. இவங்க எந்த மேடையும் ஏறாம, வேலைக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கிட்டாங்க. அங்க மட்டும் "இந்த வயசுல சட்டையா?"ன்னு ஒருத்தரும் கேட்குறதில்ல. வேலைன்னா சரி, ஆசைன்னா தப்பு. இதுதான் நம்ம ஊர் கணக்கு.

அதனால ஸ்டைலை அப்டேட் பண்றதுக்கு ஃபேஷன் பத்திரிகை எல்லாம் வேண்டாம். மூணு கேள்வி போதும். இப்ப இருக்குற உடம்புக்கு இது பொருந்துதா? இப்ப செய்ற வேலைக்கு இது வசதியா? யாரும் பார்க்கலன்னாலும் இதைப் போடத் தோணுமா? மூணுக்கும் ஆமான்னா, வயசு இருபதோ அறுபதோ, போட்டுக்கலாம். இல்லன்னா கணக்குல இருந்து எடுத்துடலாம்.

அடுத்த பொங்கலுக்குத் திருப்பத்தூர் ஜவுளிக்கடையில நிக்கிறப்போ, பசங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். "அம்மாவுக்கு வழக்கம்போல ஒரு புடவை"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, அம்மாகிட்ட திரும்பி ஒரு தடவ கேளுங்க: "உனக்கு என்னம்மா வேணும்?"

புடவைதான்னு சொன்னாலும் சரி. ஆனா அதை அவங்க சொல்லணும்.