வானம் மாறியாச்சு, விதி மாறலையே

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ற மாதிரி விவசாயி மாறணும்னு டிவி விவாதத்துல யாராவது சொன்னா எனக்கு எரிச்சலா வருது. நாங்க மாறாமலா இருக்கோம்? நீண்ட நாள் ரகத்தை விட்டுக் குறுகிய நாள் ரகத்துக்கு வந்தாச்சு. ஆள் கிடைக்காத, தண்ணி வராத வருஷத்துல நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்கும் போயாச்சு. மாறாம இருக்கிறது சர்க்கார் விதி.

நகரத்து நண்பர்களுக்காக விவரமா சொல்றேன். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தை பிறந்தால் வெயில் அடிக்கும், களத்தில் ரெண்டு நாள் கிளறிக் காயவைத்தால் போதும் என்றிருந்த காலத்துக்கு அது சரி. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் டெல்டா முழுக்க மழையில் சாய்ந்தன. மாசி பிறக்கப் போற நேரத்துல அடைமழை! மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதியது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. அதற்குப் பிறகுதான் தளர்வு வந்தது. ஈர நெல்லுக்கு இந்தக் கோப்பு நகர்வதெல்லாம் தெரியுமா? தார்ப்பாய்க்கு அடியில் சூடேறி முளை விட்டுடும். காத்திருக்க முடியாதவன் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டான்.

மழையாவது கண்ணுக்குத் தெரியும். ராத்திரி வெக்கை தெரியாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல வருடம் பார்த்து, 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைகிறது என்றது அது. பகலில் சேர்த்ததைப் பயிர் ராத்திரி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். பால் பிடிக்க வேண்டிய மணி பதராகும். ஆனால் பேரிடர் நிவாரணம் வேண்டுமென்றால் சேதம் 33 சதவீதம் தாண்டணும். போகம் போகமாக 10 சதவீதம் இழந்தவன் எந்தக் கணக்கில் வருவான்? எந்தக் கணக்கிலும் இல்லை. அவனுக்கு நஷ்டமே இல்லை என்று காகிதம் சொல்லும். கூட்டுறவு சங்கத்துக் கடன் அப்படிச் சொல்லாது.

குத்தகைக்காரன் பாடு இன்னும் மோசம். சிட்டா அடங்கலில் அவன் பேர் இருக்காது. விதை அவனோடது, உரம் அவனோடது, அழுகிய பயிரும் அவனோடது. நிவாரணம் மட்டும் பட்டாதாரர் கணக்குக்குப் போகும். ரெண்டு போகம் இப்படிப் போனா மூணாவது போகம் அவன் திருப்பூர் பஸ் ஏறிடுவான். ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் கடல் கொண்டு போகலை, புயல் கொண்டு போகலை. இந்தக் கணக்குதான் காலி பண்ணிச்சு.

நாங்க கேட்கிறது பெரிய காரியமில்லை. ஒரு வட்டாரத்தில் அறுவடை நேரத்தில் இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் ஈரப்பதத் தளர்வு அன்றைக்கே தானாக அமலுக்கு வரணும். கொள்முதல் நிலையத்துக்கு உலர்த்தும் எந்திரம் வேணும். நிவாரணம் உழுதவன் கைக்குப் போகணும்.

பூமியைக் குளிர வைக்க உலகமே கூடிப் பேசட்டும், நல்லதுதான். 17ங்கிற எண்ணை மாற்ற எந்த உலக மாநாடும் வேண்டாம். உங்க ஊருக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நீங்களும் இதைக் கேளுங்க. அரிசி உங்க வீட்டிலும் வேகுது.