எங்க ஆயா தகவலாளி இல்லை

'நலிந்த கலைஞர்' என்று ஒரு சொல்லை அரசாங்கம் வைத்திருக்கிறது. உதவித்தொகை கேட்டுப் போகிறவர் முதலில் தன்னை நலிந்தவர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நலிய வைத்தது யார் என்று எழுத அந்த விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

மாவட்டம்தோறும் கலைஞர்களுக்கு வயசு பார்த்து விருது தருகிறார்கள். 18 வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதையும் தாண்டினால் கலை முதுமணி. சேரியில் ஒப்பாரி வைக்கிற கெழவிக்கு இதில் எந்த மணி? மேடை ஏறியதற்கு அத்தாட்சி கேட்டால் அவள் எங்கே போவாள்? எழவு வீட்டுக்காரன் சான்றிதழ் எழுதித் தருவானா? 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் ஒருத்தர் கழுத்தில் விழுந்த மாலையைக் காட்டி ஆயிரம் பேர் வாயை அடைத்துவிட முடியாது.

வயசான காலத்தில் கலை மனசுக்கு இதம், ஓய்வு பெற்றபின் வீணை கற்கலாம், ஓவியம் வரையலாம் என்று உபதேசம் செய்கிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முதலில் உத்தியோகம் வேண்டும் ஐயா. எழுபது வயசிலும் களைவெட்டுக்குப் போகிற எங்கள் சனத்துக்கு ஓய்வு ஏது? ஓய்வே இல்லாதவள் எப்போது பாட்டு கட்டுகிறாள், எதற்குக் கட்டுகிறாள் என்று உங்களில் எவராவது கேட்டதுண்டா?

நானும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2011இல் எம்.ஏ. ஆய்வேட்டுக்காக எங்க ஆயாவின் ஒப்பாரிகளைச் செல்போனில் பதிவு செய்தேன். "இன்னாத்துக்குக் கண்ணு, எவன் செத்துட்டான்னு இப்பப் பாடச் சொல்ற?" என்று சிரித்தாள். அப்பனுக்கு, புருசனுக்கு என்று பழைய பாட்டெல்லாம் பாடினாள். மூன்றாம் நாள் அவளாகவே கூப்பிட்டு ஒன்று பாடினாள். 1978இல் விழுப்புரத்தில் கொல்லப்பட்ட நம் ஆட்கள் 12 பேருக்கான ஒப்பாரி. எப்போ கட்டினது என்றேன். "அறுவது தாண்டித்தான். அப்பவே பாடியிருந்தா ஊர்ல கூலி குடுப்பானா? புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தணுமே. இப்ப எனக்கு இன்னா பயம்?" என்றாள்.

முப்பது வருசம் தொண்டைக்குள் கிடந்த பாட்டு அது. கூலிக்காரனிடம் பயம் விட்டுப்போன வயசில்தான் வெளியே வந்தது. முதுமை அவளுக்கு நலிவு இல்லை, விடுதலை.

நெறியாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். 'இது மரபான ஒப்பாரி இல்லை, ஒப்பாரி உறவுக்குத்தான் பாடப்படும், இது பிற்காலக் கலப்படம்' என்றார். நான் நீக்கினேன். மதிப்பெண் வாங்கினேன். பின்னிணைப்பில் 'தகவலாளி: வயது 68, கல்வி இல்லை, தொழில் கூலி' என்று எழுதினேன். பாடலாசிரியர் என்று தமிழில் ஒரு சொல் இருப்பது தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை!

அந்தப் பாட்டில் 12 பேரையும் ஒருத்தரை அண்ணன் என்று, ஒருத்தரை மகன் என்று, முறை வைத்துக் கூப்பிட்டிருந்தாள். முன்பின் பார்த்திராதவர்களை உறவாக்கியதுதான் அந்தப் பாட்டு. மரபு தெரிந்த நெறியாளருக்கு அது கேட்கவில்லை. பேத்தி எனக்கும் கேட்கவில்லை. செல்போன் கெட்டுப்போனது. ஆயாவும் போய்விட்டாள். முழுப்பாட்டு இன்று யாரிடமும் இல்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பாரியும் பறையும் அடிமைச் சின்னம், தலைமுழுகு என்கிறீர்கள். 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று பழமொழி வைத்த ஊர் இது. அந்தக் கூலி மாரடிப்பை எங்க ஆயாவே ஒரு நாள் மறுத்தாள். ஊர்த்தெரு எழவுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் உதறியது அடிமை வேலையை. குரலை அல்ல. இன்னொரு பக்கம், பறைதான் நம் அடையாளம் என்று முழங்கும் மேடைகளில் நடப்பது என்ன? கூட்டம் சேரும்வரை கெழவன் கெழவிகளை அடிக்கவும் பாடவும் விட்டு, சேர்ந்ததும் இறக்கிவிட்டு நாம் இரண்டு மணி நேரம் பேசுகிறோம்.

ஆய்வு செய்கிற மாணவர்களே, தகவலாளி என்கிற சொல்லை அடியுங்கள். கட்டியவர் என்று பேரோடு எழுதுங்கள். அவளிடம் பழசை மட்டும் தோண்டாதீர்கள். போன வாரம் கட்டியதையும் கேளுங்கள். கலப்படம் என்று எவன் சொன்னாலும் அதை எடுக்காதீர்கள். புத்தகம் வந்தால் அவளுக்கும் பங்கு கொடுங்கள்.

அவள் செத்தபிறகு நாம் வைக்கிற ஒப்பாரி இருக்கட்டும். இன்றைக்கு ராத்திரி திண்ணையில் போய் உட்காருங்கள். அவள் பாடட்டும்.