இதனால் என்ன பயன்?

வகுப்பில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் போதும், "ஸார், இதனால் என்ன பயன்?" என்று ஒரு மாணவராவது கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆராய்ச்சி தொடங்கும் முன்பே அதற்கு விடை கேட்பது சரியல்ல என்பேன். அஸீஸ் சன்ஜார் என்ற துருக்கிய விஞ்ஞானியின் கதையைப் பாருங்கள். டி.என்.ஏ. தன்னைத்தானே எவ்வாறு பழுதுபார்த்துக்கொள்கிறது என்று ஆராய்ந்ததற்காக, தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகிய இருவருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். பத்திரிகைகள் பலவும் புற்றுநோயோடு சேர்த்தே இவரைப் பற்றி எழுதின. ஆனால் இவர் புற்றுநோயிலிருந்து தொடங்கவில்லை.

1946இல் துருக்கியின் தென்கிழக்கில், சாவூர் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டுக் குழந்தைகளில் இவர் ஏழாவது. இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து 1969இல் பட்டம் பெற்று, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே சுமார் இரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். அவருடைய மனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு விந்தையான செய்தி. புற ஊதாக் கதிரால் சாகும் நிலைக்கு வந்துவிட்ட பாக்டீரியாவின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால் அது பிழைத்துக்கொள்கிறது!

இதை 1949இல் வெளியிட்டவர் ஆல்பர்ட் கெல்னர் என்ற அமெரிக்கர். கதிரடிபட்ட நுண்ணுயிர்களில் சில மட்டும் ஏன் பிழைக்கின்றன என்று புரியாமல், முதலில் வெப்பநிலையைத்தான் அவர் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால், காரணம் வெளிச்சம்! 1958இல் கிளாட் ரூபர்ட் என்பவர் இது ஒரு நொதியின் வேலை என்று காட்டினார். ரூபர்ட் இயற்பியல் படித்தவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிருக்கு ஏறத்தாழ 4.9 வருகிறது. அது டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. 400 நானோமீட்டர் ஒளிக்கு 3.1தான் வரும். பெரிய அடியால் நேர்ந்த கேட்டைச் சிறிய தட்டு எப்படிச் சரிசெய்யும்? ஃபோட்டோலையேஸ் என்னும் அந்த நொதி ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலைக் கொண்டு ஓர் எலெக்ட்ரானைத் தைமின் ஜோடிக்குக் கடன் கொடுக்கிறது, ஒட்டு பிரிகிறது, எலெக்ட்ரான் நொதிக்கே திரும்பி வந்துவிடுகிறது. முரட்டு பலத்துக்கு இதில் வேலையே இல்லை.

இந்த நொதியைத் தேடித்தான் டாக்டர் சன்ஜார் அமெரிக்காவில் டல்லாஸ் நகருக்குச் சென்று ரூபர்ட்டிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒரு பாக்டீரியாவில் இந்த நொதியின் மூலக்கூறுகள் பத்து இருபதுதான் இருக்கும். அவ்வளவு குறைவான சரக்கை எப்படிப் பிரித்தெடுத்து ஆராய்வது? 1976இல் அவர் அதற்குரிய மரபணுவையே பிரித்தெடுத்தார். பிறகு பாக்டீரியாவைக் கொண்டே நொதியை ஏராளமாகத் தயாரிக்க வழி பிறந்தது.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இதனால் மனிதனுக்கு என்ன பயன்? நேரடியாக ஒன்றுமில்லை. ஏனென்றால், ஃபோட்டோலையேஸ் நம் உடலில் கிடையாது! கங்காரு இனத்துக்குக்கூட இருக்கிறது, நமக்கு இல்லை.

1977இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் அவருக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. மூன்று ஆய்வகங்கள் மறுத்துவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப் என்பவரின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக அமர்ந்தார். மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவருக்கு அந்த வேலை! ஆனால் அங்கேதான் அவர், வெளிச்சமே இல்லாமல் நடக்கும் இன்னொரு பழுதுபார்ப்பு முறையின் பக்கம் திரும்பினார். 1983இல் அவரும் ரப்பும் வெளியிட்ட முடிவின்படி, பாக்டீரியாவில் மூன்று புரதங்கள் கூடிக் கெட்டுப்போன இடத்தின் இருபுறமும் இழையை வெட்டுகின்றன. 12 அல்லது 13 எழுத்துகள் நீளமுள்ள துண்டு கழன்றுவிட, இடைவெளி புதிதாக நிரப்பப்படுகிறது. தையற்காரர் கிழிந்த துணியில் ஒட்டுப்போடுவதைப் போலத்தான்.

இந்த முறை நம்மிடம் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிறகு, மனித செல்லில் வெட்டப்படும் துண்டு சுமார் 30 எழுத்துகள் நீளமானது என்று 1992இல் அவருடைய குழு காட்டியது. இந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பது 1968இலேயே தெரிந்திருந்தது. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயுள்ள குழந்தைகளின் செல்களில் இந்தப் பழுதுபார்ப்பு நடப்பதில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். சாதாரண வெயிலே அக்குழந்தைகளுக்குத் தோல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது.

புற்றுநோய் இங்கேதான் கதைக்குள் நுழைகிறது. அதுவும் இரண்டு வாசல் வழியாக. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து புற்றுநோய்ச் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுத்து அதைக் கொல்கிறது. நம்மைக் காக்கும் அதே வெட்டும் புரதங்கள் அந்தக் கேட்டையும் சரிசெய்து, கட்டியையும் காப்பாற்றப் பார்க்கின்றன! பழுதுபார்ப்பை எங்கே வளர்ப்பது, எங்கே தடுப்பது என்பதே மருத்துவர்களுக்குச் சிக்கல்.

ஒருவர் என்னிடம் வேறு விதமாகவும் வாதாடலாம். மருத்துவரே அரிதாக இருந்த ஊரைவிட்டு, பாக்டீரியாவைப் பார்க்க ஒரு மருத்துவர் போகலாமா? இது கடினமான கேள்வி. பிறகு நோபல் பரிசு வந்தது என்பதை இதற்கு விடையாக நான் சொல்ல மாட்டேன். சாவூர்ப் பக்கத்து நோயாளிகளுக்கு அன்று ஒரு மருத்துவர் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் அன்றே அவரை நிறுத்தி, "இதனால் எந்த நோய் குணமாகும்?" என்று கேட்டிருந்தால், நேர்மையாக அவரால் ஒரு நோயையும் குறிப்பிட்டிருக்க முடியாது. விடை கைக்கு வர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. சிஸ்பிளாட்டினால் நேரும் கேடு மனித டி.என்.ஏ.வில் எங்கெங்கே விழுகிறது, எங்கெங்கே சரியாகிறது என்ற வரைபடத்தை அவருடைய குழு வெளியிட்டது 2016இல்தான்.