வில்லை பெரிதாயின் படம் சிறக்குமா?

கருவி பெரிதானாற் கலையும் பெரிதாகும் என்னும் எண்ணம் நம் மாணவர் சிலரிடையே வேரூன்றி வருகின்றது. காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம்பிடிக்க விழையும் இளைஞர், கமராவைக் கையாளப் பழகுமுன்னரே 800 மி.மீ., 1200 மி.மீ. எனத் தொலைவில்லைகளின் அளவை ஓதத் தொடங்குகின்றனர். அவற்றின்பொருட்டுக் கடன்படுவோரும் உளர். ஆதலின் இதுபற்றிச் சில கூறுதல் தகுமெனக் கருதுகின்றேன்.

முதலாவது நிறை. 2006இல் ஜேர்மனியின் கொலோன் நகர்க் கண்காட்சியிற் சைஸ் நிறுவனம் வைத்த 1700 மி.மீ. வில்லை 256 கிலோகிராம் நிறையுடையது. அதனைத் தோளிற் சுமப்பார் யார்? கெனன் நிறுவனத்தார் 1993இல் வெளியிட்ட 1200 மி.மீ. வில்லையும் 16 கிலோகிராமுக்கு மேற்பட்டதே. அவ்வளவு நீண்ட வில்லை காட்டும் புலம் ஏறத்தாழ 2 பாகை. அச்சிறு சாளரத்துள் விலங்கைத் தேடிப் பிடிக்குமுன் அது புதருள் மறைந்துவிடும்.

இக்குறையை அறிவியல் நீக்கிவிட்டதே என்பர் சிலர். மெய்தான், 2020இல் வந்த கெனனின் 800 மி.மீ. வில்லையொன்றின் நிறை 1260 கிராமே. ஆயின் முன்னைய நாலரைக் கிலோகிராம் வில்லை ஏற்ற ஒளியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கையே அஃது ஏற்கும். விலங்குகள் வெளிவருவதோ பெரும்பாலும் ஒளி குன்றிய விடியலிலும் அந்தியிலும்.

எவ்வில்லையும் நீக்கவொண்ணாத குறை இன்னொன்று உண்டு. மன்னார் வங்காலைச் சேற்றுவெளியில் உச்சிவேளையிற் பூநாரைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து நோக்குக. இடைநின்ற காற்று வெம்மையால் நெளியும். பெரிய வில்லை பறவையைப் பெருக்கும்போது அந்நெளிவையும் உடன் பெருக்கிக் காட்டும். தொலைவைச் சுருக்கலாம், இடைப்பட்ட காற்றைச் சுருக்க முடியாது.

அற்றேல் நெருங்கிச் செல்வதே நெறியோ எனின், அதுவும் அன்று. ஆங்கிலேயரான எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டை அணுகியவிடத்து, ஆந்தை தாக்கியமையால் ஒரு கண்ணை இழந்தார். அது மனிதர்க்கு நேர்ந்த இழப்பு. நாம் நெருங்குவதால் உயிரினங்களுக்கு நேரும் இழப்போ பெரிது. அடைகாக்கும் பறவை அஞ்சி அகன்றால் முட்டைகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். யாலக் காட்டில் ஒரு சிறுத்தையை ஜீப்புகள் பல சூழ்ந்து நெருக்குவதை அங்குச் செல்வோர் அறிவர்.

எனவே தொலைவில்லையின் உண்மைப் பயன் அண்மையைக் காட்டுவதன்று. அகன்று நிற்க இடந்தருவதே. மறைவிடத்திலோ வண்டியிலோ அமர்ந்து, காலைக் குளிரில், ஒரு கூட்டையே நெடிது நோக்குபவனுக்குப் பெருவில்லை தகும். ஏனையோர்க்கு 400 முதல் 600 மி.மீ. வரை போதும் என்பது என் துணிபு. நாள் முழுதும் சுமக்கக்கூடியது எதுவோ அதுவே நல்ல வில்லை.

மாணவர்காள், கடன்பட்டு வில்லை வாங்குமுன், ஒரு குளக்கரையிற் சில காலைகள் வெறுங்கையுடன் அமர்ந்திருங்கள். எப்பறவை எப்பொழுது எவ்வழி வரும் என்பதை அறிந்தவனுக்குச் சிறிய வில்லையும் உதவும். அறியாதவனுக்கு 256 கிலோகிராமும் வெறுஞ் சுமையே.