மந்திரத்துக்கும் இலக்கணம் உண்டு

பிள்ளைகள் கணினி விளையாட்டில் மந்திரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், தமிழ் அழிகிறது என்று புலம்புவோருக்கு இப்போது பஞ்சமில்லை. அவர்களில் பலர் நம் தமிழ்த்துறையினரே. அவர்களுக்கு ஒரு செய்தி: அந்த மந்திரத்தைப் போட இலக்கணம் படிக்க வேண்டியிருக்கிறது. பையன்கள் அதை விரும்பிப் படிக்கிறார்கள். நம் வகுப்பில் கொட்டாவி விடும் அதே பையன்கள்.

விவரம் அறியாதோர்க்குச் சிறு விளக்கம். மைன்கிராஃப்ட் 2011இல் முழுமையாக வெளிவந்து, 2023க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு. கட்டங்களால் ஆன ஓர் உலகம். தோண்டலாம், கட்டலாம், இன்னதுதான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆர்வலர்கள் தாமே நிரல் எழுதி அதில் சேர்ப்பவற்றை ‘மோட்’ என்கிறார்கள். மாயவித்தைக்கென்றே வந்த மோட்கள் பல. அவற்றுள் ‘அர்ஸ் நூவோ’ என்பதில், குறிகளை வரிசையாக அடுக்கி, ஆடுபவனே மந்திரத்தை ஆக்கிக்கொள்ள வேண்டும். முதலில் வடிவம்: எறிவதா, தொடுவதா, தன்மேல் ஏற்பதா. அடுத்து விளைவு: உடைத்தல், புண் ஆற்றுதல் போல்வன. அதன்பின் அவ்விளைவைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் குறி. இந்தக் கடைசிக் குறி தனக்குரிய விளைவின் பின்னால்தான் நிற்க வேண்டும்; இடம் மாறினால் பயன் மாறும். பெயருக்குப் பின் உருபு, பகுதிக்குப் பின் விகுதி என்று நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவது இதைத்தானே? குறி கூடக்கூட மாய ஆற்றலின் செலவும் கூடும். சொற்சுருக்கத்தைக் கற்பிக்க இதைவிடக் கறாரான வாத்தியார் நம் துறையில் இல்லை.

‘தாம்கிராஃப்ட்’ என்னும் மோட் இன்னொரு வகை. காற்று, மண், தீ, நீர், ஒழுங்கு, சிதைவு என ஆறு முதற்கூறுகள், பெயர்களெல்லாம் இலத்தீன். ஏர், டெர்ரா, இக்னிஸ், அக்வா, ஓர்டோ, பெர்டிடியோ. காற்றும் தீயும் கூடினால் லக்ஸ், அதாவது ஒளி. சந்தவாசலில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறோம். (தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியின் அட்டைத் துளைகள், கீழே முந்தானையில் அன்னமாக இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், குறியை அடுக்கினால் உருவம் பிறக்கும் என்பது அவர்களுக்குப் புதிதன்று.) பேசுவார் அற்ற ஒரு மொழி, ஒரு விளையாட்டுக்காரரின் கையில் இப்படி நடமாடுகிறது. நம்மிடம் இல்லாததா இது?

பாட்டியல் நூல்களை எடுத்துக்கொள்வோம். குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல், வச்சணந்திமாலை என்று ஆசிரியர் பெயரால் வழங்குவது. செய்யுளின் முதற்சொல்லுக்கு மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் எனப் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்லும் மரபு அது. முதற்சொல்லின் எழுத்து எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நன்று, இரட்டையானால் தீது. சில எழுத்துகள் அமுதம். யா, யோ, ரா, ரோ போன்றனவும் ஆய்தமும் நஞ்சு. முதற்சீரின் அசையமைப்பைக் கொண்டு நிலம், நீர், தீ, காற்று, அந்தரம், மதி, சூரியன், இயமானன் என எட்டுக் கணம். தாம்கிராஃப்டின் ஆறு எங்கே, இந்த எட்டு எங்கே! தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் கலம்பகம் கேட்டு உயிர்விட்டான் என்ற கதை நம் மாவட்டத்து வந்தவாசிப் பக்கத்து வெற்றியாளனைப் பற்றியது. அது வரலாறன்று, கதையே. ஆனால் சொல் கொல்லும் என்று நம்பிய ஒரு மரபு, எந்தச் சொல், எந்த இடத்தில், எத்தனை எழுத்தில் என்று விதியும் எழுதி வைத்தது. அதை நாம் இரண்டு மதிப்பெண் வினாவாக்கி, தேர்வு முடிந்ததும் புதைத்துவிட்டோம்.

மூடநம்பிக்கையைப் பரப்பச் சொல்கிறீர்களா என்று பகுத்தறிவு நண்பர்கள் சீறுவார்கள். இலத்தீன் மந்திரம் போட்ட பையன் எவனும் அதை நம்பிப் பக்கத்து வீட்டை எரிக்கவில்லை. விதி என்று தெரிந்தே ஆடுகிறான். நம்பாமல் ஒரு விதிக்குள் நுழைந்து வெளிவரும் இந்தப் பழக்கம்தான், பாட்டியலை வழிபடவும் தெரியாமல் வாசிக்கவும் தெரியாமல் நிற்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது; அதற்கு மழுப்பல் கூடாது. வருணப் பொருத்தம் எழுத்துகளையே சாதி பிரித்து வைக்கிறது. பழம்பெருமை பேசும் கூட்டம் இதை மெல்ல விழுங்கிவிட்டு மற்ற ஒன்பதைக் கொண்டாடும். நாம் அப்படிச் செய்யலாகாது. விளையாட்டில் அந்த விதி இடம்பெறக் கூடாது. வகுப்பில் அது ஏன் இடம்பெறவில்லை என்று ஒரு மணிநேரம் பேச வேண்டும்.

செலவு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2010இல் பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா தொடங்கிய மைன்டெஸ்ட், 2024இல் லுவான்டி எனப் பெயர் மாறியது. கட்டணமற்றது, மூலநிரல் திறந்தது, மோட்களை லுவா மொழியில் எழுதலாம். கணினித்துறை மாணவர் இருவர், வச்சணந்திமாலையை உரையோடு சொல்லித்தர நம்மில் ஒருவர். முதல் பருவத்துக்கு எட்டுக் கணமும் அமுதம் நஞ்சும் போதும். கதியையும் தானத்தையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.